பதினொரு மணித் துடிப்பு

வியாகப்பன் தன் மனைவி செங்கோல்மேரியின் அடக்கத்தன்று அழவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள், மண் போடச் சொன்னார்கள், போட்டார், கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஊர் வாயைக் கேட்கவா வேண்டும்? கல்லறைத் தோட்டத்தின் வாசலைத் தாண்டுவதற்குள் பன்னிக்காரனுக்குப் பன்னிதான் பெரிசு என்று ஆரம்பித்துவிட்டார்கள். செங்கோல்மேரியின் அண்ணன் லாசர், அத்தனை பேர் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். உலுக்கியதில் ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது. வியாகப்பன் குனிந்து அதைத் தேடி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு லாசருக்குச் சண்டை போடக்கூட மனம் வரவில்லை.

அவருக்கு நெஞ்சு இல்லாமல் இல்லை. அதற்கு ஊசி போட்டிருந்தது. முப்பது நாளைக்கு எந்தப் பதற்றமும் நெஞ்சை எட்டாமல் நிறுத்தி வைக்கிற ஊசி. இதை ஊரிடம் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பும்படி சொல்ல வேண்டுமானால் பன்றியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பன்றி என்றதும் மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்திக்கொண்டே கேட்கலாம், எனக்கு வருத்தமில்லை.

பணகுடிக்குத் தெற்கே, காற்றாலைகளுக்கு நடுவே இருந்தது அந்தப் பண்ணை. வியாகப்பன் அங்கே இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் கொட்டகை என்றால் சிமெண்டுத் தரை, இரும்புக் கம்பி, ஆறு பன்றிக்கான இடத்தில் பன்னிரண்டு. உலர்ந்த தீனியை ஒரு வேளை கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். பலமுள்ளது தின்னும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும். நெருக்கடி தாங்காமல் ஒன்றின் வாலை ஒன்று கடித்துக் குதறும். கொழுக்க வளர்க்கிற பன்றி நாளுக்கு அரைக் கிலோ ஏறினாலே அதிசயம் என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு மிருக வைத்தியம் படித்த பெனிட்டா என்ற பெண் வந்தாள். வந்த முதல் மாதமே கம்பிகளைப் பிடுங்கிப் போடச் சொன்னாள். தரைக்கு முழங்கால் அளவு வைக்கோல், ஒவ்வொன்றுக்கும் இரட்டிப்பு இடம், தவிட்டையும் புண்ணாக்கையும் தண்ணீரில் குழைத்து மூன்று வேளை, எல்லாம் ஒரே நேரத்தில் தலையை விட்டுத் தின்ன நீளத் தொட்டி. வால்கடி நின்றது. எடை ஏறியது. அதோடு விட்டிருக்கலாம். படித்தவர்களுக்கு ஒன்று சரியாகிவிட்டால் அடுத்தது என்ன என்று கை துறுதுறுக்குமே. ஒருநாள் தொட்டிக்கு அடியில் பதிக்கிற தகடு ஒன்றும், நெஞ்சில் கட்டுகிற பட்டி ஒன்றும் கொண்டுவந்து வியாகப்பன் முன்னால் வைத்தாள்.

“அண்ணாச்சி, பயந்துக்கிட்டுத் தின்னா எவ்வளவு தின்னாலும் சதை பிடிக்காது. நிம்மதியாத் தின்னாப் பிடிக்கும். இந்தக் குட்டிங்க தாய்கிட்டப் பால் குடிக்கும்போது, அது நெஞ்சு துடிக்கிறதக் கேட்டுக்கிட்டே குடிச்சதுங்க. நாம பிரிச்சுக் கொண்டாந்துட்டோம். தின்னும்போது தொட்டியில அந்தத் துடிப்பு திரும்பக் கெடைச்சா?”

“அதுக்குத் தாய்ப்பன்னி நெஞ்சுலல்லா கட்டணும்?”

“கட்டிப் பாத்தாச்சு. தாய்ப்பன்னிக்கே இந்த எடம்னா பயம். இங்க பயமில்லாத உசுரு ஒண்ணே ஒண்ணுதான். நீங்க.”

வியாகப்பன் பட்டியைக் கட்டிக்கொண்டார். அவர் எங்கே இருந்தாலும் அவருடைய துடிப்பு நாலாம் நம்பர் கொட்டகைத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. நூற்றிருபது குட்டிகள் மூக்கைத் தொட்டியில் வைத்து அதைக் கேட்டன. நாளுக்கு முக்கால் கிலோ ஏறியது. பெனிட்டா தராசை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தாள்.

செங்கோல்மேரிக்கு இது பெரிய வேடிக்கை. பிள்ளை இல்லாத வீடு. அதனால் சமைத்ததும் அவளுக்குக் கால் பண்ணைப் பக்கம் இழுக்கும். ஞாயிறு போகத் தினமும் பதினொரு மணிக்குத் தூக்குவாளியில் கஞ்சியும் கொள்ளுத் துவையலும் எடுத்துக்கொண்டு வருவாள். வாசல் கதவின் சங்கிலியைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். வியாகப்பன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “இப்பந்தான் விடிஞ்சுதாக்கும்?” என்பார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷன் அவளிடம் இனிப்பாக ஒரு வார்த்தை பேசியதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு தடவை ஊற்றிக்கொள்வார், அதுதான் பாராட்டு. அவளும் சளைத்தவள் இல்லை. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துகொண்டு அவர் நெஞ்சுப் பட்டியைக் காட்டி, “இந்தக் கல்லுக்குள்ள நெஞ்சு இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காவளே, அந்தப் பிள்ளை பெரிய படிப்புதான் படிச்சிருக்கு” என்பாள். மடியில் கட்டி வந்த மரவள்ளிக் கிழங்குத் தோலைப் பன்றிகளுக்கு வீசுவாள். இருபது நிமிஷம் இருந்து ஏதாவது குறை சொல்லிவிட்டுப் போவாள்.

லாரி வருகிற நாளிலும் வரமாட்டாள். அது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். வளர்த்ததை ஏற்றி அனுப்புகிற நாளில் எந்த முகத்தோடு கஞ்சி எடுத்துக்கொண்டு வருவது என்று கேட்பாள். லாரி ஊரைத் தாண்டிப் போகிறவரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. வியாகப்பனும் அன்றைக்குச் சாயங்காலம்வரை வெறும் வயிறுதான். பைத்தியக்காரி என்று திட்டிக்கொண்டே பட்டினி கிடப்பார்.

புரட்டாசியில் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது. நாட்டு மருந்து கொடுத்து ஒரு வாரம் போயிற்று. பிறகுதான் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வியாகப்பன் பட்டியைக் கழற்ற மறந்து, நெஞ்சில் கட்டியபடியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவர் பயந்த பயமெல்லாம் முப்பது கிலோமீட்டர் தாண்டித் தொட்டிக்குள் போய் இறங்கியது.

நூற்றிருபது பன்றியும் தீனியைத் தொடவில்லை. மூக்கை வைக்கும், பின்வாங்கும், சுவரோரம் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். குழைத்த தவிடு தொட்டியிலேயே புளித்துப் பொங்கியது. தகட்டை நிறுத்திப் பார்த்தார்கள். பழகிய துடிப்பு இல்லாமல் இன்னும் கலவரப்பட்டன. பழைய பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்றே வேளையில் அது உயிருள்ள துடிப்பு இல்லை என்று கண்டுபிடித்துவிட்டன. மூன்றாம் நாள் வால்கடி ஆரம்பித்தது. ஒரு குட்டி செத்தது.

பெனிட்டா ஆஸ்பத்திரிக்கே வந்து ஊசியைப் பற்றிச் சொன்னாள். கட்டாயமில்லை என்றும் சொன்னாள், அதை மறைக்கக் கூடாது. ஒரு தடவை போட்டால் முப்பது நாள் இருக்கும், நடுவில் முறிக்க மருந்து கிடையாது என்று தெளிவாகவே சொன்னாள். வியாகப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்று மேரிக்குக் கொஞ்சம் தேவலை. கண்ணில் மஞ்சள் இறங்கியிருக்கிறது, நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவர் இளநீர் வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது அவள் விழித்திருந்தாள்.

“பன்னி தின்னுதா?” என்று கேட்டாள்.

“தின்னுது.”

“பொய் சொல்லாதீங்க.”

“தின்னுதுன்னாத் தின்னுது. நீ பேசாமப் படு.”

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வியாகப்பனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. வாழ்க்கையில் அவளைத் திட்டியிருக்கிறார், பேசாமல் இருந்திருக்கிறார். பொய் சொன்னதில்லை. நாளை மறுநாள் வீட்டுக்கு வந்தால் நேரே கொட்டகைக்குத்தான் போவாள். ஒட்டிய வயிறுகளைப் பார்ப்பாள், அவர் முகத்தைப் பார்ப்பாள். அதற்குள் சொன்னதை நிசமாக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. மனுஷன் செய்த தப்பு அது ஒன்றுதான். அவள்தான் பிழைத்துவிட்டாளே, இனி முப்பது நாளில் நெஞ்சு பதற என்ன இருக்கிறது என்று நினைத்து, மத்தியானம் வெளியே வந்து பெனிட்டாவிடம் ஊசிக்குக் கையை நீட்டினார்.

சாயங்காலம் பெனிட்டா போன் செய்தாள். எல்லாம் தின்கின்றன, தொட்டி காலி என்றாள். அதை மேரியிடம் சொல்ல அவர் வார்டுக்கு ஓடினார். தூங்குகிறாள், எழுப்பாதீர்கள் என்றாள் நர்ஸ். சரி, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார். காலையில் சொல்ல அவள் இல்லை. உள்ளே எங்கேயோ ரத்தம் கசிந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

டாக்டர் வந்து சொன்னபோது வியாகப்பனுக்கு எல்லாம் புரிந்தது. மேரி போய்விட்டாள், இனி வரமாட்டாள், வீட்டில் அவள் ஊறப்போட்ட அரிசி அப்படியே இருக்கும். ஒவ்வொன்றும் புரிந்தது. நெஞ்சு மட்டும் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு துடிப்புகூடக் கூடவில்லை, குறையவில்லை. அன்றைக்குக் காலைத் தீனியை நாலாம் நம்பர் கொட்டகை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றது.

அதன் பிறகு அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மேரிக்காக அழ வேண்டும். ஏழாம் நாள் பூசையில் நின்றார், வரவில்லை. முப்பதாம் நாள் பூசையில் நின்றார், வரவில்லை. காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டு வந்தவர், முப்பத்தொன்றாம் நாள் காலையிலேயே குளித்து வேட்டி மாற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனார். விருந்தாளியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது மாதிரி பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தார். சிலுவையைச் சுற்றி முளைத்திருந்த புல்லைப் பிடுங்கினார். பிடுங்கப் புல் இல்லாமல் போனதும் எழுந்து வந்தார்.

பெனிட்டாவிடம் போய்க் கேட்டார். மருந்து உடம்பை விட்டுப் போய்விட்டது, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றாள்.

“பெறகு ஏன் வரல?”

பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். எடை போடுகிற படிப்பு படித்தவளிடம் இதைக் கேட்டால் அவள் என்ன செய்வாள்?

கொடுமை என்னவென்றால், அந்த முப்பது நாளும் பன்றிகள் தின்றனவே தவிர எடை முன்போல ஏறவில்லை. தீனி உள்ளே போயிற்று, சதை பிடிக்கவில்லை. லாரி வந்த அன்று ஒவ்வொன்றும் பத்துக் கிலோ குறைவு. வியாகப்பன் அன்று அடுப்பு மூட்டவில்லை. மறுநாளும் ஏனோ மூட்டவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் கொடுத்ததைத் தின்றார். இனி மனுஷன் நெஞ்சை நம்பி நடத்த முடியாது என்று பண்ணைக்காரர்கள் முடிவு செய்து பட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மாசி மாதம் பெனிட்டா அவரைக் கொட்டகைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். போனார். சட்டையில் அந்தப் பொத்தான் இன்னும் தைக்கப்படாமல் இருந்தது. புது வைக்கோல் போட்டு, பால் மறந்த புதுக் குட்டிகள் நூற்றிருபதை விட்டிருந்தார்கள். மணி பத்தே முக்கால். பெனிட்டா கையில் ஒரு கணினிப் பலகை வைத்திருந்தாள்.

பதினொரு மாதம் அவர் நெஞ்சு துடித்ததெல்லாம் பதிவாகியிருக்கிறது என்றும், அதைத் துண்டு துண்டாக வெட்டி வேறு கொட்டகைகளில் ஓட்டிப் பார்த்ததாகவும் சொன்னாள். எல்லாப் பதிவையும் பன்றிகள் மூன்று வேளையில் கண்டுபிடித்துவிட்டன, ஒரு துண்டைத் தவிர.

“இந்த இருபது நிமிஷம் மட்டும் அதுகளுக்குச் சலிக்கவே இல்ல அண்ணாச்சி. எடையும் ஏறுது. ஏன்னு எங்களுக்குத் தெரியல. இங்க பாருங்க, ஆரம்பத்துல ஒரு துடிப்பு தவறுது. உடனே ரெண்டு வேகமா அடிக்குது. பெறகு இறங்கி, இருபது நிமிஷமும் அசையாத தண்ணி மாதிரி. ஏதோ கோளாறுன்னு நெனச்சு அந்தத் தவறுன எடத்த வெட்டிட்டு ஓட்டினோம். எடை ஏறல. திரும்பச் சேத்தோம், ஏறுது.”

வியாகப்பன் கோட்டைப் பார்த்தார். ஓடுகிற கோடு ஓரிடத்தில் நின்று, துள்ளி, அடங்கியது.

“தெனமும் இருக்கு. அதான் கேக்கணும்னு கூப்பிட்டேன். பதினோரு மணி வாக்குல உங்களுக்கு நெஞ்சுல ஏதாவது செய்யுமா?”

“கஞ்சி நேரம்லா. பசியா இருக்கும்” என்றார் வியாகப்பன்.

பெனிட்டாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாளாம். ஆனால் சில நாட்களில் அது இல்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லை. வியாகப்பன் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, கஞ்சித் தூக்கை அவரேதான் எடுத்துக்கொண்டு வருவார். ஆவணியில் தொடர்ந்து மூன்று நாள் இல்லை என்றாள். அந்த மூன்று நாளும் மேரி, லாசர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அப்போதும் பதினொரு மணிக்குப் பசித்தது, தூக்கில் கஞ்சி இருந்தது.

“இன்னும் ரெண்டு நாள்லயும் இல்ல, அந்த ரெண்டு நாளும் லாரி...” என்று பெனிட்டா தேதியைப் படித்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

“அது பசி இல்லம்மா” என்றார் வியாகப்பன். “அந்தத் துடிப்புக்கு முன்னால வாசல் சங்கிலிச் சத்தம் கேக்கும். உங்க மிசின்ல இருக்கா?”

“சத்தம் பதிவாகாது அண்ணாச்சி. துடிப்பு மட்டும்தான்.”

“கேக்கும்” என்றார்.

இருபத்திரண்டு வருஷம். இப்பந்தான் விடிஞ்சுதாக்கும் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன ஒவ்வொரு நாளும் அவர் நெஞ்சு இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறது. அவருக்கே தெரியாது. அவளுக்கும் தெரியாது. அவள் கல் என்று சொல்லிச் சிரித்தபோதெல்லாம், அவள் காலடியில் தின்றுகொண்டிருந்த நூற்றிருபது பன்றிகளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பியாயிற்று. அவளிடம் போய்ச் சொல்வதற்கு இந்த உலகத்தில் ஒரு வழியும் இல்லை.

பதினொரு மணிக்குக் குழாயில் தீனி இறங்கியது. பெனிட்டா பலகையில் விரல் வைத்தாள். குட்டிகள் தள்ளுமுள்ளு செய்துகொண்டு வந்து தொட்டியில் மூக்கை வைத்தன. வியாகப்பன் வைக்கோலில் முட்டி போட்டு, தொட்டியின் அடித்தகட்டில் உள்ளங்கையை வைத்தார். அவருடைய நெஞ்சுதான். போன வருஷத்து நெஞ்சு. அவள் உயிரோடு இருந்தபோது துடித்தது. கையில் வந்து ஒவ்வொன்றாக இடித்தது.

பிறகு ஒரு துடிப்பு வரவில்லை.

நூற்றிருபது குட்டிகளும் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கின. காதை விடைத்துக்கொண்டு நின்றன. அவற்றில் ஒன்றுகூட மேரியைக் கண்டதில்லை. வியாகப்பன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் பார்க்காத பார்வையை அப்போதுதான் பார்த்தார். சங்கிலி போட்டது போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது.

கையில் இரண்டு துடிப்பு வேகமாக வந்தது. பிறகு அமைதியாயிற்று. குட்டிகள் ஒவ்வொன்றாகத் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தன.

அவர் அழுதார். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை, ஆறு கொட்டகைக்கும் கேட்டது. நெற்றியைத் தொட்டி விளிம்பில் முட்டிக்கொண்டு அழுதார். பெனிட்டா என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் வந்து வைக்கோலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மனுஷன் அத்தனை பக்கத்தில் அப்படிக் கதறியும் குட்டிகள் மிரளவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று அதே மனுஷனுடைய நெஞ்சு தொட்டிக்குள் இருந்து சொல்லிக்கொண்டிருந்தது.

ரொம்ப நேரம் கழித்து பெனிட்டா பலகையை எடுத்தாள். “இத மத்தப் பண்ணையும் சேத்து நாப்பது கொட்டகைக்குக் கொண்டுபோகணும்னு சொல்லுறாங்க அண்ணாச்சி. நீங்க வேண்டாம்னா நான் இங்கயே அழிச்சிருதேன்.”

வியாகப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொட்டியைப் பார்த்தார்.

“அழிக்காதீங்கம்மா. ஓடட்டும்” என்றார். “லாரி வாற நாள்ல மட்டும் போடாதீங்க. அன்னைக்கு அவ வரமாட்டா.”

பெனிட்டா தலையை ஆட்டினாள். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிவிட்டார். போகும்போது வாசல் சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் நூற்றிருபது வாயும் மென்றுகொண்டிருந்தன.

“தின்னுது மேரி” என்றார். “இப்பம் பொய்யில்ல.”